கச்சான் பட்டரில் கோழிக்கறி: இனிக்காமலும் பிரியாமலும் வர என்ன செய்யலாம்?

உப்புவெளியில் இருக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். பிள்ளைகளுக்குப் பாணில் பூசிக் கொடுக்க வாங்கிய பீநட் பட்டர் பாதிப் போத்தல் மிஞ்சிக் கிடந்ததாம். ஒரு காணொளியைப் பார்த்து அதைக் கோழிக்கறியில் போட்டிருக்கிறார். வழக்கம்போல முதற்பாலும் விட்டிருக்கிறார். கறி இனித்ததாம், மேலே எண்ணெய் மிதந்ததாம், அடியும் பிடித்ததாம். வீட்டில் யாரும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கவில்லை. "இது எங்கள் வாய்க்குச் சரிவராத சாப்பாடா, அல்லது நான் விட்ட பிழையா? உறைப்பாக, சோற்றோடு சாப்பிடுகிற மாதிரி இதைச் செய்ய முடியுமா?" என்பதுதான் அவருடைய கேள்வி.

முடியும், தங்கச்சி. எங்கள் வாய்க்கு நன்றாகவே ஒத்துவருகிற சாப்பாடு இது. உங்கள் கைப்பக்குவத்திலும் குறையில்லை. கச்சானை எந்த இடத்தில் வைப்பது என்பதில்தான் சிக்கல் வந்திருக்கிறது.

நான் கட்டாரில் ஒரு பெரிய சமையற்கூடத்தில் ஏழு வருடம் வேலை செய்தேன். எனக்குப் பக்கத்து அடுப்பில் நின்றவர் செனகல் நாட்டுக்காரர். வேலையாட்களுக்கான சாப்பாட்டுக்குச் சில வெள்ளிக்கிழமைகளில் அவர் மாஃபே வைப்பார். கோழியோ ஆட்டிறைச்சியோ போட்டு, தக்காளியும் கச்சான் பசையும் சேர்த்துக் காய்ச்சுகிற குழம்பு அது. முதல்தரம் அதைச் சோற்றில் விட்டுப் பிசைந்து சாப்பிட்டபோது, அம்மா தேங்காய்ப்பூவைப் பொன்னிறமாக வறுத்து அரைத்து வைக்கிற இறைச்சிக்கறிதான் ஞாபகத்துக்கு வந்தது. நிறம் கிட்டத்தட்ட அதுவே, தடிப்பும் அதுவே. அடுத்த வாரம் அவருடைய சட்டிக்குப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். எங்கள் வீட்டில் தேங்காய் செய்கிற வேலையை அங்கே கச்சான் செய்கிறது. குழம்பைத் தடிப்பாக்குவதும், கொழுப்புச் சுவை கொடுப்பதும், உறைப்பைத் தணிப்பதும் கச்சான்தான். சட்டியில் தேங்காய்ப்பால் ஒரு சொட்டுக்கூட இல்லை.

நீங்கள் முதற்பாலும் விட்டு, கச்சானும் போட்டீர்கள். கச்சானில் ஏறக்குறையப் பாதி எண்ணெய்தான். முதற்பாலும் கொழுப்பு. ஒரே வேலைக்கு இரண்டு ஆட்களைப் பிடித்தது போல ஆகிவிட்டது. அவ்வளவு கொழுப்பையும் ஒரு சட்டிக் குழம்பு தாங்காது, அதனால் மேலே மிதந்தது. போதாததற்குத் தேங்காய்ப்பாலிலும் ஒரு இனிப்பு உண்டு, போத்தலிலும் சீனி உண்டு. ஆகவே முதலில் செய்ய வேண்டியது, கச்சான் போடுகிற நாளில் தேங்காய்ப்பாலைத் தவிர்த்துவிடுவது. மனம் கேட்காவிட்டால் மூன்றாம் பாலில் கோழியை அவியுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

அடுத்தது போத்தல். கடையில் இருந்து கொண்டுவந்ததைத் திருப்பி, சேர்பொருள் எழுதிய இடத்தைப் பாருங்கள். கச்சான், உப்பு என்று மட்டும் இருந்தால் யோசிக்காமல் கறிக்குப் பாவிக்கலாம். பெரும்பாலானவற்றில் சீனியும், ஐதரசனேற்றிய தாவர எண்ணெயோ பாம் எண்ணெயோ இருக்கும். பசையும் எண்ணெயும் போத்தலுக்குள் பிரியாமல் இருக்கத்தான் அந்த எண்ணெய். அமெரிக்காவில் ஜோசப் ரோஸ்ஃபீல்ட் என்பவர் 1920களில் இந்த வழியைக் கண்டுபிடித்த பிறகுதான், கிளறாமலே பூசக்கூடிய பீநட் பட்டர் கடைகளில் பரவியது. அதற்கு முன்பு எல்லாப் போத்தலிலும் மேலே எண்ணெய் நிற்கும். சீனி சேர்த்த வகைகளில் 100 கிராமுக்கு 10 கிராம் அளவில் சீனி இருப்பது சாதாரணம். ஒரு கிலோ கோழிக்கு 150 கிராம் பசை போட்டால் மூன்று தேக்கரண்டி சீனியைக் கறியில் கொட்டியது போலத்தான். உங்கள் கறி இனித்ததில் ஆச்சரியமே இல்லை.

மிஞ்சிய போத்தலை எறிய வேண்டாம். பாதிக்கு அதையும் பாதிக்கு வீட்டில் அரைத்த பசையையும் கலந்தால் இனிப்பு அடங்கிவிடும். உண்மையைச் சொன்னால், ஒருதரம் வீட்டில் அரைத்துப் பார்த்தவர் கறிக்காகப் போத்தல் வாங்க மாட்டார். கச்சானுக்குப் பஞ்சமில்லாத நாடு இது. முல்லைத்தீவுப் பக்கத்து மணல் தரையில் விளைகிற கச்சானுக்கு நல்ல பெயர் உண்டு. திருவிழா என்றால் கச்சான் கடை இல்லாத கோயில் வீதியும் இல்லை. எங்கள் ஊரில் ஆனி, ஆடியில் உடம்பைச் சுடுகிற காற்றுக்கும் கச்சான் என்றுதான் பெயர். அந்தக் காற்று வீசுகிற நாட்களில் கச்சான் பருப்பை முற்றத்தில் ஒரு மணித்தியாலம் காயப் போட்டால் போதும், கலகலவென்று காய்ந்துவிடும்.

பருப்பு வாங்கும்போது ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். சுருங்கியது, கறுத்தது, பச்சையோ மஞ்சளோ பூஞ்சணம் பட்டது, வாயில் போட்டால் கைக்கிறது, எல்லாவற்றையும் பொறுக்கி எறிய வேண்டும். ஈரத்தில் கிடந்த கச்சானில் வளர்கிற ஒருவகைப் பூஞ்சணம் அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது ஈரலைக் கெடுப்பது, புற்றுநோயை உண்டாக்குவது. வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. ஐப்பசி தொடக்கம் தை வரை மழையும் ஈரமுமாக இருக்கிற எங்கள் பக்கத்தில் கச்சானை மாதக்கணக்கில் பையில் கட்டி வைத்திருப்பது சரியல்ல. வேண்டிய அளவு மட்டும் வாங்குங்கள்.

அரைப்பது இப்படி. 250 கிராம் பருப்பைத் தடித்த தாச்சியில், எண்ணெய் விடாமல், சிறு தீயில் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் வறுக்க வேண்டும். கையை எடுக்கக் கூடாது. தோல் வெடித்து, உள்ளே வெளிர்ப் பொன்னிறம் தெரிந்தால் இறக்கிவிடுங்கள். தாச்சியின் சூட்டிலேயே இன்னும் கொஞ்சம் வறுபடும், ஆகவே வேறு தட்டில் கொட்டிப் பரப்புங்கள். கறுக்க விட்டால் கறி முழுவதும் கைக்கும். ஆறியதும் துணியில் போட்டுத் தேய்த்தால் தோல் கழன்றுவிடும், சுளகில் புடைத்துவிடலாம். மிக்ஸியின் சிறிய உலர்ந்த கிண்ணத்தில் போட்டு நிறுத்தி நிறுத்தி அரையுங்கள். முதலில் மா மாதிரி வரும். அப்புறம் சுவரில் ஒட்டி உருண்டையாகத் திரளும். இந்த இடத்தில்தான் பலர் தண்ணீர் விடுகிறார்கள். விடக் கூடாது. மூடியைத் திறந்து, கரண்டியால் வழித்துவிட்டு, மிக்ஸி சூடாறக் கொஞ்சம் பொறுத்து மறுபடி ஓட்டுங்கள். நாலைந்து தரம் இப்படிச் செய்தால் திடீரென்று எண்ணெய் விட்டு, பளபளவென்று ஊற்றுகிற பதத்துக்கு வந்துவிடும். அந்த வாசனைக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்து நிற்பார்கள். கறிக்கு எடுத்தது போக மிச்சத்தைப் போத்தலில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று வாரத்துக்குத் தாராளமாக இருக்கும்.

இனிக் கறி. நான் சொல்கிற அளவு ஆறு பேருக்குக் காணும். எலும்போடு ஒரு கிலோ கோழி எடுங்கள். காலும் தொடையுமாக இருந்தால் நல்லது, நெஞ்சுப்பகுதி இவ்வளவு நேரம் காய்ச்சினால் சக்கையாகிவிடும். கச்சான் பசை 150 கிராம், அதாவது ஒன்பது மேசைக்கரண்டி அளவு. பம்பாய் வெங்காயம் பெரியது இரண்டு, உள்ளி ஆறு பல்லு, பெருவிரல் அளவு இஞ்சி, பழுத்த தக்காளி மூன்று, தக்காளி பேஸ்ட் இரண்டு மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் இரண்டு தேக்கரண்டி, நற்சீரகத்தூள் ஒன்று, மிளகுத்தூள் அரை, ஒரு நெட்டுக் கறிவேப்பிலை, ஒரு துண்டு ரம்பை, மூன்று நான்கு முழுக் கொச்சி மிளகாய், ஒரு தேசிக்காய். எண்ணெய் மூன்று மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம், கச்சானே எண்ணெய் விடும்.

தூளைப் பற்றி ஒரு சொல். எங்கள் வீடுகளில் கோழி என்றால் கை தானாகவே வறுத்த கறித்தூள் போத்தலுக்குப் போகும். இந்தக் கறிக்கு அதைத் தவிருங்கள். அதில் உள்ள மல்லியும் பெருஞ்சீரகமும் கச்சானின் வாசனையை அமுக்கிவிடும். கறுவா, ஏலம், கராம்பு போட்டால் இன்னும் மோசம், அவையெல்லாம் இனிப்பு வாசனைக்காரர்கள். தனி மிளகாய்த்தூள், கொஞ்சம் சீரகம், மிளகு போதும். நான் எல்லாவிதமாகவும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் உண்டு, அதை நான் விடவே மாட்டேன். ஒரு மேசைக்கரண்டி கூனி, அதாவது காயவைத்த குட்டி இறால். வெறும் தாச்சியில் வறுத்து, தூளாக இடித்து வையுங்கள். செனகல்காரர் தங்கள் ஊரில் காயவைத்த மீனை இதே சட்டியில் போடுவார்கள் என்றார். பிரேசிலில் ஷிஞ்சிங் என்று ஒரு கோழிக்கறி உண்டு, அதிலும் கச்சானோடு காய்ந்த இறால் சேர்ப்பார்கள். கச்சானின் தடித்த சுவைக்குக் கடல் உப்பின் ஒரு கீறல் தேவைப்படுகிறது என்பது அட்லாண்டிக்கின் இரண்டு கரையிலும் இருக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கூனி கிடைக்காவிட்டால் இரண்டு நெத்தலிக் கருவாட்டையோ ஒரு சின்னத் துண்டு மாசியையோ இடித்துப் போடலாம். கருவாட்டு மணம் தனியாகத் தெரியாது, பயப்பட வேண்டாம். கறிக்கு ஒரு ஆழம் மட்டும் வரும்.

கோழியை உப்பு, மிளகு, அரைத் தேசிக்காய்ப் புளியில் அரை மணித்தியாலம் ஊறவைத்து, ஈரத்தைத் துடைத்துவிட்டுத் தடித்த அடியுள்ள சட்டியில் இரண்டு பக்கமும் சிவக்கப் பொரித்து எடுங்கள். வேக வேண்டியதில்லை, நிறம் பிடித்தால் போதும். சட்டியைக் கழுவாமல் அதே எண்ணெயில் வெங்காயத்தைப் பத்து நிமிடம் வதக்குங்கள். கறிவேப்பிலை, ரம்பை, தட்டிய இஞ்சி, உள்ளி சேருங்கள். பச்சை மணம் போனதும் தக்காளி பேஸ்ட். இதை அவசரப்படுத்தாதீர்கள். மூன்று நாலு நிமிடம் எண்ணெயிலேயே கிண்டினால் அது இரத்தச் சிவப்பில் இருந்து செங்கல் நிறத்துக்கு மாறும். அந்த நிறம் வராத பேஸ்ட் கறியைப் புளிக்க வைக்கும், ஆனால் சுவை தராது. பிறகு மிளகாய்த்தூள், சீரகத்தூள், கூனித்தூள். தூள் கருகுவதற்குள் வெட்டிய தக்காளியைப் போட்டு மசியும்வரை மூடி வையுங்கள். கோழியைத் திரும்பப் போட்டு, 700 மில்லி லீற்றர் சுடுதண்ணீர் விட்டுக் கொதிக்க விடுங்கள். புரொய்லர் என்றால் இருபது நிமிடம். ஊர்க்கோழி என்றால் ஒரு மணித்தியாலமும் போகும், முற்றலாக இருந்தால் அதற்கும் மேல், தண்ணீரையும் கூட்ட வேண்டும். ஊர்க்கோழியில் இந்தக் கறி ஒரு படி மேல் என்பது என் அபிப்பிராயம். அந்தச் சாற்றில்தான் பலம் இருக்கிறது.

இதுவரைக்கும் கச்சான் சட்டிக்குள் போகவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். இனிச் சொல்வதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும்.

பசையை நேராகச் சட்டிக்குள் போடக் கூடாது. கனமான பசை, கரைவதற்கு முன்பு அடியில் போய் உட்கார்ந்துவிடும், உட்கார்ந்த இடத்திலேயே கருகும். நான் ஊருக்குத் திரும்பி, நிலாவெளிப் பக்கம் ஒரு விடுதியில் சமைக்கத் தொடங்கிய புதிதில், இருபது பேருக்கு இந்தக் கறியை வைத்தேன். நேரம் போய்விட்டது என்று முழுப் பசையையும் கொதிக்கிற சட்டிக்குள் தள்ளிவிட்டு மூடிவிட்டேன். பத்து நிமிடத்தில் கருகல் மணம். மேலே இருந்ததை வேறு பாத்திரத்துக்கு மாற்றியும் அந்த மணம் போகவில்லை. ஒன்பது கிலோ கோழி வீணாகியது. அன்றிலிருந்து பசையைத் தனிக் கிண்ணத்தில் கரைக்காமல் நான் சட்டிக்குக் கிட்ட வருவதில்லை.

ஒரு பெரிய கிண்ணத்தில் பசையைப் போடுங்கள். சட்டியில் கொதிக்கிற சாற்றில் இருந்து ஒரு அகப்பை எடுத்து அதில் விட்டுக் கலக்குங்கள். அப்போது ஒரு வேடிக்கை நடக்கும். இளகுவதற்குப் பதிலாகப் பசை இறுகும். பழுப்பு நிறம் வெளுத்து, கரண்டியை இழுத்தால் பிட்டு மா பிசைந்தது போலக் கட்டி கட்டியாக வரும். முதல்தரம் பார்ப்பவர் பழுதாகிவிட்டது என்றுதான் நினைப்பார். பழுதாகவில்லை. கச்சான் பசை என்பது எண்ணெய்க்குள் மிதக்கிற நுண்ணிய பருப்புத் துணிக்கைகள். கொஞ்சத் தண்ணீர் பட்டதும் அந்தத் துணிக்கைகள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இன்னும் ஒரு அகப்பை விட்டு விடாமல் கலக்குங்கள். மூன்றாவது அகப்பையில் நிலைமை மாறும். இப்போது தண்ணீர் கூடிவிட்டது, எண்ணெய் சின்னச் சின்னத் துளிகளாகத் தண்ணீருக்குள் கலந்துவிடும். கட்டி கரைந்து, பால்தேநீர் நிறத்தில், நல்ல முதற்பால் மாதிரி வழவழவென்று ஓடும். இந்தப் பதத்துக்கு வந்த பிறகுதான் சட்டிக்குள் ஊற்ற வேண்டும். இப்படிக் கரைத்துவிட்ட கச்சான் திரைவது அரிது.

ஊற்றிய பிறகு தீயைக் குறைத்துவிடுங்கள். அங்கங்கே ஒரு குமிழ் வந்து உடைகிற அளவு போதும். கொச்சி மிளகாயைக் காம்போடு, உடைக்காமல் மேலே மிதக்க விடுங்கள். வாசம் முழுவதும் குழம்பில் இறங்கும், உறைப்பு வேண்டியவர் தன் கோப்பையில் எடுத்து நசித்துக்கொள்வார். பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இது நல்ல வழி. மூடியைப் பாதி திறந்து வைத்து இருபது, இருபத்தைந்து நிமிடம் காய்ச்சுங்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருதரம் தட்டை அகப்பையால் அடியைச் சுரண்டிக் கிளற வேண்டும். இந்த இருபது நிமிடத்தில் கைத்தொலைபேசியைப் பார்க்கப் போகாதீர்கள்.

எண்ணெயைப் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா? எண்ணெய் பிரிவதில் இரண்டு விதம் உண்டு. நன்றாகக் காய்ந்த குழம்பின் ஓரத்தில், மிளகாய்ச் சிவப்பில், மெல்லிய வளையமாக எண்ணெய் வந்து நிற்கும். அகப்பையால் தள்ளினால் கீழே குழம்பு பட்டுப் போல இருக்கும். அது கறி இறக்கப் பதமாகிவிட்டது என்பதற்கு அடையாளம். மேற்கு ஆபிரிக்காவில் அந்த எண்ணெய் எழும்பும்வரை காத்திருந்துதான் இறக்குவார்கள், நாங்கள் இறைச்சிக்கறியில் பார்ப்பதும் அதைத்தானே. மற்றது, குழம்பு திரைந்த பால் போலச் சொரசொரவென்று மணல்மணலாகி, எண்ணெய் குளமாக நிற்பது. பெருந்தீயில் கொதித்தாலோ தண்ணீர் வற்றிவிட்டாலோ அப்படி ஆகும். உங்கள் சட்டியில் நடந்தது இரண்டாவதாகத்தான் இருக்கும். அப்படி நடந்தால் அடுப்பை அணைத்து, அரைக் கோப்பை கொதிதண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு வேகமாக அடியுங்கள். பெரும்பாலும் திரும்பச் சேர்ந்துவிடும்.

உப்பைக் கடைசியில்தான் முடிவு செய்ய வேண்டும். போத்தலிலும் கூனியிலும் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. இறக்கிய பிறகு மிச்ச அரைத் தேசிக்காயைப் பிழிந்துவிடுங்கள். கச்சானின் கனம் நாக்கில் படிந்துவிடும், அதைக் கழுவிவிட ஒரு புளி வேண்டும். புளி போடாத கச்சான்கறியை நாலாவது கவளத்துக்கு மேல் சாப்பிட முடியாது. உங்கள் போத்தலில் சீனி இருந்தால் தேசிக்காயோடு நிற்காமல் தக்காளி பேஸ்டை மூன்று கரண்டியாக்குங்கள், மிளகாய்த்தூளையும் அரைக் கரண்டி கூட்டுங்கள்.

மரக்கறியும் சேர்க்கலாம். மாஃபேயில் கோவா, கரட், மரவள்ளி எல்லாம் பெரிய பெரிய துண்டாகப் போடுவார்கள். கத்தரிக்காயும் வெண்டிக்காயும் எங்கள் பக்கத்துக்கு நன்றாகப் பொருந்தும், கடைசிப் பதினைந்து நிமிடத்தில் போட்டால் போதும். இனிப்புப் போத்தல் பாவிக்கிற நாளில் கரட்டையும் வற்றாளையையும் தவிருங்கள். மரவள்ளி போடுவதென்றால் தனியாக, மூடாமல் நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை வெளியே கொட்டிவிட்டுச் சேருங்கள். மரவள்ளியோடு இஞ்சி ஆகாது என்று எங்கள் வீடுகளில் சொல்வது உங்களுக்கும் தெரிந்திருக்கும், அன்றைக்கு இஞ்சியை விட்டுவிட்டு உள்ளியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இது பிறத்தியார் சாப்பாடு என்று மாமியார் யோசித்தால் ஒன்று சொல்லுங்கள். கச்சான், மிளகாய், தக்காளி மூன்றுமே தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்காப் பக்கத்தில் இருந்து கடல் கடந்து வந்தவைதான். போர்த்துக்கீசரும் ஸ்பானியரும் கப்பலில் கொண்டுவந்து ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் இறக்கிய பிறகு ஒவ்வொரு ஊரும் தன் சட்டிக்குத் தக்கபடி எடுத்துக்கொண்டது. மாலியில் இதைத் திகதேகெனா என்கிறார்கள், கச்சான் பசைக் குழம்பு என்று அர்த்தம். கானாவில் இதே வகைக் குழம்பை இடித்த மரவள்ளி உருண்டையோடு சாப்பிடுகிறார்கள். மெக்சிக்கோவில் காய்ந்த மிளகாயோடு கச்சானை அரைத்துக் கோழிக்கு ஊற்றுகிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன், ஒல்லாந்தர் காலத்தில் ஜாவாப் பக்கத்தில் இருந்து வந்தவர்களின் வழிவந்த எங்கள் நாட்டு மலாயர் வீடுகளில் சாத்தேக்குக் கச்சான் சோஸ் வைப்பது பரம்பரைப் பழக்கம்.

சாத்தே செய்ய ஆசை வந்தால், அது வேறு கணக்கு. அங்கே தேங்காய்ப்பாலும் உண்டு, பழப்புளியும் பனங்கட்டியும் உண்டு, ஏனென்றால் அது குழம்பு இல்லை, தொட்டுக்கொள்ளும் சோஸ். கோழியை எலும்பில்லாமல் சின்னத் துண்டாக வெட்டி, மஞ்சள், உப்பு, இடித்த மல்லியில் பிரட்டி, ஈர்க்குக் குச்சியில் குத்திச் சிரட்டைக் கரியில் சுடுவது. சோஸுக்கு நாலு மேசைக்கரண்டி பசை, ஒரு கோப்பை இரண்டாம் பால், அரைத்த செத்தல் மிளகாய், உள்ளி, சின்ன வெங்காயம், கொஞ்சம் பழப்புளி, கொஞ்சம் பனங்கட்டி, உப்பு. அதில் இனிப்பு இருந்தாலும் ஒரு கடிக்கு ஒரு துளிதான் படும் என்பதால் திகட்டாது. பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு நன்றாக இருக்கும். ஆனால் நீங்கள் கேட்டது சோற்றுக் கறி, ஆகவே இதோடு விடுகிறேன்.

கட்டாயம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. கச்சான் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஒரு கரண்டிக் குழம்பு போதும், உயிருக்கே ஆபத்தாகலாம். முகம் வீங்கி, மூச்சு அடைத்து, நிமிடங்களில் நிலைமை மோசமாகும். அவித்தாலும் வறுத்தாலும் அந்த ஆபத்து போகாது. எங்கள் ஊர்ப் பழக்கத்தில் நல்ல கறி வைத்தால் பக்கத்து வீட்டுக்கு ஒரு கோப்பை போகும். இந்தக் கறி பார்வைக்குச் சாதாரணக் கோழிக்கறி மாதிரியேதான் இருக்கும், கச்சான் கிடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. ஆகவே கோப்பையைக் கொடுக்கும்போதே வாயால் சொல்லிக் கொடுங்கள். விருந்தாளிக்குப் பரிமாறும் முன்பும் கேளுங்கள். விடுதியில் நான் ஒருநாளும் இதைக் கேட்காமல் மேசைக்கு அனுப்பியதில்லை. ஒருதரம் ஒரு பிள்ளையின் தாய் எழுந்து வந்து என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அந்தப் பிள்ளைக்குக் கச்சான் ஆகாதாம். அன்றைக்கு அவர்களுக்கு மீன்கறி வைத்துக் கொடுத்தேன், வேறு சட்டி, வேறு அகப்பை எடுத்து.

மிஞ்சினால், எங்கள் வெக்கையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைக்காமல் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். அடுத்த நாள் எடுக்கும்போது களி மாதிரி இறுகியிருக்கும். சூடாக்கும்போது முதலில் சுடுதண்ணீர் விட்டு இளக்கி, பிறகு சிறு தீயில் கொதிக்க வையுங்கள். இல்லாவிட்டால் மறுபடி அடிப்பிடிக்கும்.

எதோடு சாப்பிடுவது? வெள்ளைப் பச்சையரிசிச் சோற்றோடு நன்றாக இருக்கும். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், வெள்ளரிக்காய் சீவித் தேசிக்காய்ப் புளி விட்ட சம்பல் ஒன்று பக்கத்தில் கட்டாயம் வேண்டும், கறியின் கனத்துக்கு அந்தப் பச்சைக் கடி தேவை. பருப்பும் சொதியும் அன்றைக்கு வேண்டாம், வயிறு தாங்காது. இடியப்பத்துக்கு இந்தக் குழம்பு கொஞ்சம் தடிப்பு. பிட்டுக்கு மாத்திரம் தேங்காய்ப்பூவைக் குறைத்து, குரக்கன் மா கலந்து அவித்துப் பாருங்கள். சூடான பிட்டை உதிர்த்து, நடுவில் குழி செய்து, ஓரத்துச் சிவப்பு எண்ணெயோடு ஒரு அகப்பை ஊற்றி, இரண்டு நிமிடம் ஊறவிட்டுப் பிறகு கை வையுங்கள்.